பாம்புச்செவியாருக்குப் பத்துக்கு ஒன்பது

என் தங்கையின் கணவரை அலுவலகத்தில் எல்லோரும் பாம்புச்செவியார் என்றே கூப்பிடுவார்கள். குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் அவர் கசிவு கேட்பவர். தெருவுக்கு அடியில் போகும் குழாயில் ஓட்டை விழுந்தால், மேலே ஈரம் தெரிவதற்கு முன்பே அந்த இடத்தைக் காதால் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கருவி ஒன்றே ஒன்றுதான்: மார்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கோல், அதன் மேல் முனையில் காதைப் பொருத்திக்கொள்ள ஒரு மரக் குமிழ். வண்டிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். காலணியைக் கழற்றி ஓரமாக வைப்பார். கோலை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு, வாயைச் சற்றே திறந்து வைப்பார். பல்லைக் கடித்தால் தன் தாடைதான் கேட்கும், குழாய் கேட்காது என்பார். கேட்டு முடித்ததும் நீலச் சுண்ணக்கட்டியால் தார்மேல் ஒரு பெருக்கல் குறி போடுவார். அங்கே தோண்டினால் கசிவு இருக்கும்.

இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. அதே அலுவலகத்தில் கசிவுப் பதிவேட்டை முப்பத்து மூன்று ஆண்டுகள் எழுதியவன் நான். நான் ஓய்வுபெற்ற நாள்வரை அவர் குறியிட்ட இடங்கள் 1,312. தோண்டியபோது குறியிலிருந்து அரை மீட்டருக்குள் கசிவு இருந்தவை 1,297. மீதிப் பதினைந்தில் நான்கு, மழை குறியை அழித்துவிட்டதால் ஆட்கள் குத்துமதிப்பாகத் தோண்டியவை. அந்த நான்கையும் அவர் தலையில் கட்டக் கூடாது என்று குறிப்புப் பத்தியில் எழுதி வைத்தேன்.

இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டிருந்தவர், வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி ஒலிக்கருவிக் கடைக்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சமையலறை, படுக்கையறை, தெருவைப் பார்த்த பெரிய அறை, இவற்றை இணைக்கும் ஒரு நடைவழி. பெரிய அறை நான்கு மீட்டர் அறுபது நீளம், மூன்று மீட்டர் தொண்ணூறு அகலம். அது முழுவதும் பாட்டுக்கு. இரண்டு ஸ்பீக்கர்கள் சுவரிலிருந்து சரியாக எழுபது சென்டிமீட்டர் தள்ளி நின்றன. நடுவில் ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று மரத்தரையில் வெள்ளை டேப்பால் நான்கு குறிகள். விருந்தாளிகள் வரலாம், ஆனால் ஒலி போகும் வழியில் உட்காரக் கூடாது. ஒலி போகாத இடம் என்று அந்த அறையில் எதுவும் இல்லாததால் விருந்தாளிகள் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள்.

தங்கை தையல் தொழில் செய்கிறாள். பள்ளிக்கூடச் சீருடைகள், உணவு விடுதிப் பணியாளர்களுக்கான மேலங்கிகள். தையல் இயந்திரம் படுக்கையறை மூலையில். துணி வெட்டுவது நடைவழித் தரையில். நடைவழியின் அகலம் 94 சென்டிமீட்டர்; துணியின் அகலம் 112. ஆகவே துணியை ஓரத்தில் மடித்துப் போட்டு, மண்டியிட்டு, தவழ்ந்துகொண்டே வெட்டுவாள். அப்படிப் பதினொரு ஆண்டுகள். யாராவது சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். நானே எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன். எத்தனை முறை என்று எழுதி வைக்காதது என் குறை.

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன். பாட்டு இப்போதெல்லாம் கணினிக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிறது. எண்ணை ஸ்பீக்கரால் பாட முடியாது. எண்களை மின்னலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க நடுவில் ஒரு கருவி வேண்டும். அதை ‘டேக்’ என்கிறார்கள். ஒரு தடித்த புத்தகத்தின் அளவு இருக்கும். மாப்பிள்ளையிடம் அப்படி ஒன்று ஆறு ஆண்டுகளாக இருந்தது. எந்தப் புகாரும் இல்லாமல் வேலை செய்தது. அதுதான் அதன் குற்றம் என்று அந்தக் கடைக்காரர் கண்டுபிடித்தார்.

கடைக்குப் போன அன்று நானும் கூட இருந்தேன்.

“சார், உங்க காது பெருசு. பெட்டி சின்னது. அதான் பிரச்சினை” என்றார் கடைக்காரர்.

“புதுசுல என்ன வித்தியாசம் தெரியும்?” என்று நான் கேட்டேன்.

“பாடறவங்க மூச்சு விடறது கேக்கும்.”

“பழசுல அவங்க மூச்சு விடலையா?”

“விட்டாங்க சார். ஆனா நம்ம வீட்டுக்குள்ள விடல.”

மாப்பிள்ளை தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். 1,312 இடங்களில் தன் காதைத் தவிர வேறு எவர் சொல்லையும் நம்பாத தலை அது.

புதுப் பெட்டியோடு மூன்று கட்டளைகள் வந்தன. முதலாவது, முந்நூறு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். அதுவரை அது வாய் திறக்காத குழந்தை. “குழந்தைதான் வாயை மூடவே மூடாதே” என்றாள் தங்கை, வாயில் குண்டூசிகளோடு. இரண்டாவது, பொத்தான்களைத் தேவையில்லாமல் தொடக் கூடாது. ஒவ்வொரு தொடுகையும் உள்ளே தேய்மானம். மூன்றாவது, கருவிகளில் எரியும் சின்ன விளக்குகள் ஒலியைக் கெடுக்கும். எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்ட வேண்டும். மூன்றையும் மாப்பிள்ளை எழுத்துப் பிசகாமல் செய்தார். ஆம்ப்ளிஃபயர் கனமானது என்பதால் அலமாரியின் கீழ்த்தட்டில், தரையோடு தரையாக இருந்தது. அதன் முகப்பில் ஐந்து பொத்தான்கள்: இடது கோடியில் முதல் பொத்தான் பழைய பெட்டிக்கு, வலது கோடியில் ஐந்தாவது புதியதற்கு. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று கணினியிலிருந்து இரண்டு பெட்டிகளுக்கும் இணைப்பு கொடுத்திருந்தார். தொலைக்காட்சியும் பழைய பெட்டியில் சேர்ந்திருந்தது.

குறிப்பெடுக்க என்னை அழைத்தார். “நினைப்பு ஏமாத்தும் மச்சான். உங்க நோட்டு ஏமாத்தாது.” புதன், ஞாயிறு, சில சமயம் வெள்ளியிலும் போனேன். அவர் நாற்காலியில் கண்ணை மூடிச் சொல்வார். நான் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து எழுதுவேன். முதல் நாள்: ‘இறுக்கமாக இருக்கிறது.’ நூற்றிருபதாவது மணி: ‘கொஞ்சம் இளகியிருக்கிறது.’ இருநூற்று நாற்பது: ‘குரல் ஒரு அடி முன்னால் வந்துவிட்டது.’ நான் அளந்து பார்க்க வழியில்லாததால் ஒரு அடி என்றே எழுதினேன். எனக்குப் பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதற்கென்று நோட்டில் ஒரு பத்தி போடாததால் அதை எழுதவில்லை.

முந்நூறு மணி முடிந்து சில வாரங்கள் ஆன ஒரு புதன்கிழமை. பெண் குரலும் வயலினும் ஓடிக்கொண்டிருந்தன.

“கேட்டீங்களா மச்சான், வில்லு திரும்பற இடம். பட்டுத் துணியைக் கிழிக்கற மாதிரி.”

“பட்டு இப்படிக் கிழியாது” என்று அறை வாசலில் இருந்து தங்கையின் குரல் வந்தது. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பட்டையில் குத்திக்கொண்டிருந்தாள். “என்னங்க, அந்தப் பெட்டிக்கு கரண்டே இல்லையே.”

“எந்தப் பெட்டிக்கு?”

“மூச்சு விடற பெட்டிக்கு.”

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார்.

“இஸ்திரி போட பிளக் வேணும்னு நான்தான் பிடுங்கினேன். சத்தம் நின்னுபோச்சு. நியூஸ் கேக்கணுமேன்னு முதல் பட்டனை அமுக்கினேன். திருப்பிப் போட மறந்துட்டேன். இப்பதான் கத்தரியைத் தேடறப்ப பார்த்தேன், ஒயர் தரையில கிடக்கு.”

“எப்போ பிடுங்கினே?”

“நாப்பது ஸ்கூல் கவுன் கொடுத்தேனே, அன்னைக்கு.”

அவளுடைய ஆர்டர் நோட்டைப் பார்த்தேன். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. எல்லா விளக்குகளுக்கும் டேப் ஒட்டியிருந்ததால் எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பொத்தானைத் தொடக் கூடாது என்பதால் யாரும் தொடவில்லை. பத்தொன்பது நாளில் ஏழு முறை நாங்கள் உட்கார்ந்து பழைய பெட்டியைத்தான் கேட்டிருக்கிறோம். என் நோட்டைத் திறந்து அந்த ஏழு பதிவுகளையும் படித்துக் காட்டினேன். படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் பதிவு என்று ஒன்று இருந்தால் அதைப் படிப்பதுதான் முறை. பிளக்கைப் பிடுங்கிய ஐந்தாம் நாள் அவர் சொன்னது இது: ‘இன்று திரை முழுசாக விலகிவிட்டது. பழைய பெட்டியோடு ஆறு வருஷம் குருடனாக இருந்திருக்கிறேன்.’

தங்கை சிரிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் குத்தியது என்று நினைக்கிறேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

“அது அப்படித்தான் சார்” என்றார் கடைக்காரர், ஒரு கணம்கூடத் தடுமாறாமல். “நல்ல பெட்டி பக்கத்துல இருந்தா பழைய பெட்டியும் ஒழுங்கா நடந்துக்கும்.”

“அப்போ உங்க வீட்டுக்காரம்மாவை எங்க வீட்டுல கொஞ்ச நாள் கொண்டுவந்து விடுங்க” என்றாள் தங்கை. “இவர் ஒழுங்கா நடந்துக்கறாரான்னு பாக்கலாம்.”

போனை அணைத்த பிறகு அவள் நடைவழியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்தே பேசினாள். ஒரு மருத்துவமனையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அறுவை அறையில் போடும் அங்கிகள், மாதம் நூற்றிருபது, ஆண்டு முழுக்க. ஒரே நிபந்தனை: வெட்டும் மேசை இருக்க வேண்டும். தரையில் போட்டு வெட்டிய துணி அறுவை அறைக்குள் போகக் கூடாது. இரண்டு மீட்டர் நாற்பதுக்கு ஒன்று இருபது மேசை. நடைவழியில் போட முடியாது. படுக்கையறையில் கட்டிலை வெளியே போட்டால்தான் முடியும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“இத்தனை நாளா ஏன் சொல்லல?” என்றேன்.

“குரல் ஒரு அடி முன்னால வந்துட்டு இருந்துச்சே அண்ணா. நடுவுல போய் மேசை கேக்கவா?” பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னாள்: “ரெண்டு பெட்டியும் ஒண்ணுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. பாட்டை எங்க வெச்சாலும் கேக்கும். எனக்கு அந்த ரூம் வேணும்.”

“ஒண்ணு இல்ல” என்றார் அவர். காது சிவந்திருந்தது. “நான் அசந்துட்டேன், அவ்வளவுதான். எதுன்னு தெரியாம கேட்டேன். எதுன்னு கண்டுபிடிக்கணும்னு உக்காந்தா கண்டுபிடிப்பேன். நீ மாத்தி மாத்தி வை. பத்து தடவை. எட்டுக்குக் கீழ போனா ரூமை எடுத்துக்கோ.”

“எட்டு வந்தா?”

“வந்தா ரூம் எனக்கு.”

அவள் துணியின் மடிப்பை நீவிவிட்டாள். “சரி. வந்தா அந்த ஆர்டர் வேண்டாம்னு சொல்லிடறேன். அண்ணா, நீங்கதான் நடத்தணும். உங்க மாப்பிள்ளைன்னு பாக்கக் கூடாது.”

“உன்னையும் தங்கைன்னு பாக்க மாட்டேன்” என்றேன். உண்மையில் சோதனை நடந்த ஞாயிறுவரை நான்கு நாட்களும் அந்த மேசையின் அளவைத்தான் மனத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் சோதனை வேறு, மனம் வேறு.

சோதனையை நான் வடிவமைத்த விதத்தைப் பற்றி எனக்கு அப்போது பெருமை இருந்தது. சனிக்கிழமை என் வீட்டில் நாணயத்தைப் பத்து முறை சுண்டி, தலை விழுந்தால் புதுசு, பூ விழுந்தால் பழசு என்று ஒரு வரிசை தயாரித்து உறையில் போட்டு ஒட்டினேன். ஞாயிறு காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடுவே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். தங்கை போர்வைக்குப் பின்னால் கீழ்த்தட்டின் முன்னே மண்டியிட்டு உட்கார வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு நிற்கும், அவள் தாளைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்துவாள், மறுபடி பாட்டு. முன் சுற்றில் இருந்த அதே பெட்டிதான் என்றாலும் கையை எடுத்துவிட்டு மறுபடி ஒரு முறை அழுத்த வேண்டும். அப்படியானால் எல்லாச் சுற்றிலும் ஒரே ஒரு ‘டக்’தான் கேட்கும். சத்த அளவு இரண்டுக்கும் சமமாக இருக்கிறதா என்று ஒரு மானியை வைத்துப் பார்த்தேன். வரிசை எனக்குத் தெரியும் என்பதால், என் முகம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவருக்கு முதுகைக் காட்டிக் கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். பத்தும் முடியும்வரை சரியா தப்பா என்று யாரும் சொல்லக் கூடாது.

கடைக்காரரும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. “ஒரு சாட்சி வேணும்ல சார்” என்று சுவரோரம் நின்றுகொண்டார். தேநீர் கொடுத்தோம். உறிஞ்சிக் குடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

முதல் சுற்றில் மாப்பிள்ளை ஐம்பத்தெட்டு விநாடி கேட்டார். “புதுசு” என்றார். இரண்டாவது, நாற்பத்தொரு விநாடி. “பழசு.” மூன்றாவது சுற்றுக்கு முன் என்னை நிறுத்தச் சொன்னார். நோட்டில் இருக்கிறது: ‘10:22. காலுறைகளைக் கழற்றினார்.’ வியர்க்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாவது சுற்று, பத்தொன்பது விநாடி. நான்காவது, ஒன்பது. ஐந்தாவது, நான்கு. ஆறிலிருந்து பத்துவரை எல்லாம் இரண்டு விநாடி. எட்டாவதில் பாடகி வாயைத் திறப்பதற்குள்ளேயே “புதுசு” என்றுவிட்டார். குரலில் எந்தத் துள்ளலும் இல்லை. போகப் போகக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பத்தாவதுக்கு அவர் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

விடைகளை ஒத்துப் பார்த்தேன். முதல் சுற்று தப்பு. மற்ற ஒன்பதும் சரி.

“பத்துக்கு ஒன்பது” என்றேன்.

கடைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நான் என்ன சொன்னேன். பெருசு சார் உங்க காது. முதல்ல ஒண்ணு போச்சு பாருங்க, அது பெட்டி சூடாகாததால. அதுக்கும் வழி இருக்கு. தனியா ஒரு பவர் சப்ளை வந்திருக்கு. நாளைக்குக் கடைக்கு வாங்க.” மாப்பிள்ளை கையைக் கொடுத்தாரே தவிர அவரைப் பார்க்கவில்லை. கடைக்காரர் போய்விட்டார்.

தங்கை போர்வையைக் கழற்றி, நான்காக மடித்து, நாற்காலியின் கையில் போட்டாள். “சரி. நாளைக்குக் காலையில சொல்லிடறேன்” என்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நடைவழிக்குப் போய், பாதியில் விட்ட துணியின் முன்னால் மண்டியிட்டாள். கத்தரி ஓடும் சத்தம் கேட்டது. நான் தேதியும் கையெழுத்தும் போட்டு நோட்டை மூடினேன்.

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. வெறுங்காலோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடுங்க.”

“கிழிக்கற பழக்கம் எனக்கு இல்ல. உங்களுக்குத் தெரியும்.”

“அப்போ கூட ஒரு வரி எழுதுங்க. நான் பெட்டியைக் கேக்கல.”

“பின்ன எதைக் கேட்டீங்க?”

“அவ முழங்காலை.”

கத்தரி நின்றது.

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். முதல் சுற்றில் உண்மையாகவே பாட்டைத்தான் கேட்டார். ஐம்பத்தெட்டு விநாடி கேட்டும் ஒன்றும் பிடிபடாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னார். இரண்டாவதில், பாட்டு நின்றிருந்த இடைவெளியில், போர்வைக்குப் பின்னால் ஏதோ ஒன்று குறைவது தெரிந்தது. முதலில் இருந்த ஒரு நறநறப்பு இப்போது இல்லை. காலுறையைக் கழற்றிப் பாதத்தை மரத்தரையில் வைத்ததும் துலங்கிவிட்டது. வலது கோடிப் பொத்தானுக்குச் சாயும்போது அவளுடைய வலது முழங்காலில் பாரம் ஏறும், நறநறக்கும். இடது கோடிக்குச் சாய்ந்தால் சத்தம் இல்லை. வலது கோடி புதுப் பெட்டி. நறநறத்தால் புதுசு, இல்லாவிட்டால் பழசு. அதற்குப் பிறகு பாட்டைக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. முதல் சுற்றிலும் நறநறத்ததா என்று கேட்டேன். நறநறத்தது என்றார். வரிசையைப் பார்த்தேன். முதல் சுற்று பழசு.

“அப்போ முதல்ல நறநறத்துச்சுன்னு சொன்னீங்களே?”

“உக்காந்தாளே மச்சான், அப்போ. மண்டியிடறப்ப.”

சரியாக இருந்தது. எழுதிக்கொண்டேன். ஒரே மாதிரி ‘டக்’ வர வேண்டும் என்று நாணயம் சுண்டி, மானி வைத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்த என் சோதனையில், அழுத்துகிற ஆளுக்கு முழங்கால் என்று ஒன்று இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

தங்கை வாசலில் வந்து நின்றாள். “எனக்கு முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல.”

“எவ்வளவு நாளா?” என்றார் அவர்.

“ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல.”

அவர் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த இரும்புக் கோலை எடுத்துக்கொண்டு வந்தார். அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். பதினொரு ஆண்டில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். கோலின் நுனியை அவள் முழங்கால்மேல் வைத்து, மரக்குமிழில் காதைப் பொருத்தினார்.

“எடுங்க அதை. நான் என்ன குழாயா?”

“பேசாத. மடக்கு. நீட்டு. மெதுவா.”

மடக்கினாள், நீட்டினாள். அவர் கண்ணை மூடியிருந்தார். வாய் சற்றே திறந்திருந்தது. நாலைந்து இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு அவள் கைப்பட்டையில் செருகியிருந்த தையல் சுண்ணக்கட்டியை உருவி, வலது முழங்காலின் உள்பக்கம், துணிமேல், ஒரு பெருக்கல் குறி போட்டார். அதுவும் நீலம்தான்.

“ரெண்டு வருஷம் இருக்கும்” என்றாள் அவள். “சொன்னா மட்டும்? வேற எங்க போய் வெட்டறது?”

அவர் குனிந்து தரையிலிருந்த வெள்ளை டேப்பை நகத்தால் கிளப்பத் தொடங்கினார். மூன்று குறிகள் வந்தன. நான்காவது பாதியில் அறுந்து தரையோடு நின்றுவிட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

திங்கள் காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் மருத்துவமனைக்குப் போன் செய்து சரி என்றாள். வியாழக்கிழமை மேசை வந்தது. ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் குட்டை. என் பழைய நோட்டு ஒன்றின் அட்டையை மடித்து வைத்தோம். எலும்பு மருத்துவர் பார்த்தபோது தங்கை வேண்டுமென்றே அதே உடையைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் கேட்டாராம்: “இந்தக் குறியை எந்த டாக்டர் போட்டார்?” உள்பக்கக் குருத்தெலும்பு தேய்ந்திருந்தது, குறி போட்ட இடத்துக்குக் கீழே. இனி மண்டியிடக் கூடாது; நெடுநேரம் நிற்கவும் கூடாது; உயரமான முக்காலியில் உட்கார்ந்து வெட்ட வேண்டும். கதவோரம் நான் உட்கார்ந்திருந்த முக்காலி சரியான உயரமாக இருந்ததால் அது அவளுக்குப் போனது. நான் இப்போது நின்றுகொண்டே எழுதுகிறேன்.

புதுப் பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அது கண்ணாடி அலமாரியில் இருந்ததைப் பார்த்தேன். ‘முந்நூறு மணி நேரம் பழக்கியது, கூர்மையான காதுள்ளவரிடம் இருந்தது’ என்று அட்டை மாட்டியிருந்தது. இரண்டும் உண்மைதான்.

பழைய பெட்டியும் ஸ்பீக்கர்களும் நடைவழிக்குப் போயின. 94 சென்டிமீட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. நடுவில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். யாராவது சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். தாண்டிக்கொண்டு பெரிய அறைக்குள் போனேன். பாட்டு நன்றாகவே சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. தங்கை மேசைமேல் துணியை முழு அகலத்துக்கு விரித்துப் போட்டு, தூரத்து ஓரத்தை எட்டிப் பிடிக்க முக்காலியிலிருந்து எழுந்தாள்.

“எந்திரிச்சுட்டே. உக்காரு” என்று நடைவழியிலிருந்து குரல் வந்தது.

அவள் உட்கார்ந்தாள். கத்தரியை வைத்துவிட்டு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

“நாள் முழுக்க இதே கதைதான் அண்ணா. பாட்டு ஓடறப்பவும் கேட்டுடறார். அந்தக் கடைக்காரர்கிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்களேன். நல்லதா ஒரு பெட்டி வந்திருக்கான்னு.”